கேட்க வேண்டியவரைக் கேட்கிறோமா?

திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்து வீட்டை மனக்கண்முன் நிறுத்திப் பாருங்கள். அது யாருடைய வீடு என்று தேட வேண்டாம். அதுபோன்ற வீடுகள் அப்பக்கத்தில் பல உண்டு. வீட்டுக்காரர் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியுடன் வடமாநிலங்களுக்குப் போயிருக்கிறார். திரும்பி வரப் பல மாதங்கள் ஆகும். வீட்டில் இருப்பவர்கள் அவருடைய மனைவி, பள்ளிக்குச் செல்லும் இரு குழந்தைகள், 74 வயதான தாயார் ஆகியோர்.

அந்தத் தாயார் காலையில் வயிறாரச் சாப்பிடுகிறார். பத்து மணிக்குப் பக்கத்து வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து, "இன்னும் ஒரு வாய் சோறு போடலை" என்கிறார். முந்தானையில் முடிந்து வைத்த பணத்தை மருமகள் எடுத்துக்கொண்டாள் என்கிறார். நள்ளிரவில் எழுந்து, என்றோ விற்றுவிட்ட எருமைக்குத் தண்ணீர் காட்டக் கிளம்புகிறார். மருமகள் பின்னாலேயே ஓடிப்போய்க் கைப்பிடித்து அழைத்து வருகிறாள். அவள் ஓர் இரவு முழுவதும் தூங்கி எத்தனையோ நாளாகிறது.

ஒருநாள் காலையில் சுகாதாரத் தன்னார்வலர் வருகிறார். இரத்த அழுத்தம் பார்க்கிறார். "ஏனுங் ஆயா, மாத்திரை ஒழுங்காச் சாப்பிடறீங்களா?" "சாப்பிடறேன் கண்ணு." "ராத்திரி நல்லாத் தூங்கறீங்களா?" "எனக்கென்ன, நல்லாத் தூங்கறேன்." எல்லாம் நலம் என்று குறித்துக்கொண்டு அவர் அடுத்த வீட்டுக்குப் போகிறார். மருமகள் வாசற்படியில் நின்றுகொண்டிருக்கிறாள். அவளை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

முதியோர் மனநலத்துக்காக நாட்டில் திட்டங்கள் இருக்கின்றன, சட்டமும் இருக்கிறது. அவற்றின் பயன் அந்த வாசற்படி வரை வந்து, அங்கே நின்றுவிடுவது ஏன் என்பதைச் சற்று ஆராய்ந்து பார்ப்போம்.

மூப்பு வேறு, நோய் வேறு

"வயதானால் அப்படித்தான்" என்பது நம் ஊர்களில் எங்கும் கேட்கும் சொல். அது பாதி உண்மை. வயது ஏற ஏறப் பெயர்கள் சட்டென்று நினைவுக்கு வருவதில்லை. கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடுகிறோம். இது மூப்பின் இயல்பு. ஆனால் சாப்பிட்டதே நினைவில்லாமற் போவதும், நாற்பது ஆண்டுகள் நடந்த தெருவில் வழி தவறுவதும், காசு எண்ணத் தெரியாமற் போவதும் மூப்பு அல்ல. அவை டிமென்ஷியா என்று மருத்துவர்கள் அழைக்கும் மறதி நோயின் அறிகுறிகள். இதன் மிகப் பரவலான வகையை ஜெர்மானிய மருத்துவர் ஆலோய்ஸ் அல்ஸைமர் 1906ஆம் ஆண்டில் விவரித்தார். மூளையின் இரத்தக் குழாய்கள் பழுதுபடுவதால் வருவது இன்னொரு வகை.

மறதி எல்லாமே தீராத மறதியுமல்ல. தைராய்டுக் குறைபாடு, பி12 வைட்டமின் குறைவு, சில மருந்துகளின் விளைவு, தலையில் அடிபட்டு உள்ளே இரத்தம் கட்டுதல் ஆகியவையும் இதே தோற்றத்தைத் தரும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. முதுமையில் வரும் மனச்சோர்வும் பல வேளைகளில் மறதி வேடம் பூண்டு வரும். பேசாமல், உண்ணாமல், எதிலும் நாட்டமின்றி மூலையில் முடங்கியிருப்பவரைப் "புத்தி மங்கிவிட்டது" என்று நாம் ஒதுக்கிவிடுகிறோம். மனச்சோர்வுக்குத் தக்க சிகிச்சை அளித்தால் அவர் தேறக்கூடும். நேற்றுவரை நன்றாயிருந்தவர் ஓரிரு நாளில் திடீரென்று குழம்பிப் பிதற்றினால் அது சிறுநீர்த் தொற்று, உடலில் உப்புக் குறைதல் போன்றவற்றால் ஏற்பட்ட அவசர நிலையாக இருக்கலாம். அவரை அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

ஆகவே "வயதானால் அப்படித்தான்" என்ற சொல்லால், தீர்க்கக்கூடிய நோயும் தீராத நோயோடு சேர்த்துக் கைவிடப்படுகிறது.

எத்தனை பேர்?

இந்திய முதியோரை ஆராய்ந்து 2023இல் வெளியான ஒரு மதிப்பீட்டின்படி, 60 வயதைக் கடந்தவர்களில் நூற்றுக்கு 7.4 பேருக்கு மறதி நோய் இருக்கிறது. நாடு முழுவதற்கும் சுமார் 88 லட்சம் பேர்.

இதை நம் பக்கத்துக்குப் பொருத்திப் பார்ப்போம். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சேலம் மாவட்ட மக்கள்தொகை ஏறத்தாழ 34.8 லட்சம், நாமக்கல்லில் 17.3 லட்சம். இரண்டும் சேர்ந்து 52 லட்சம். தமிழ்நாட்டில் அப்போது பத்துப் பேருக்கு ஒருவர் 60 வயதைக் கடந்தவர். அப்படியானால் இவ்விரு மாவட்டங்களில் முதியோர் 5.2 லட்சம் பேர். அவர்களில் மறதி நோயாளர் ஏறத்தாழ 38 ஆயிரம். இது மாவட்டத்தில் எண்ணிப் பார்த்த கணக்கல்ல, நாட்டுச் சராசரியைக் கொண்டு போட்ட உத்தேசக் கணக்கு. முதியோர் எண்ணிக்கை 2011க்குப் பின் கூடியிருப்பதால் இதைக் குறைந்த அளவு என்றே கொள்ளலாம். ஒவ்வொரு நோயாளருக்கும் ஒருவர் துணை என்று வைத்தால், அதே 38 ஆயிரம் பேர் இரவும் பகலும் காவலிருக்கிறார்கள்.

இருப்பவை எவை?

குறை கூறுமுன் நிறையைச் சொல்வது முறை. முதியோர் மருத்துவத்தில் தமிழ்நாடு பின்தங்கிய மாநிலம் அன்று. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் வி. எஸ். நடராஜன் 1978ஆம் ஆண்டிலேயே முதியோருக்கெனத் தனிப் புறநோயாளர் பிரிவைத் தொடங்கினார். இந்தியாவில் அதற்கு முன்னோடி இல்லை. 2024இல் கிண்டியில் 200 படுக்கைகள் கொண்ட தேசிய முதியோர் நல மையம் திறக்கப்பட்டது.

மனநலத்துக்கென்று தேசியத் திட்டம் 1982இல் வகுக்கப்பட்டது. அது நகர மருத்துவமனையைத் தாண்டி வர, பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் பெல்லாரி மாவட்டத்தில் நடத்திய சோதனை வழிகாட்டிற்று. 1996இல் மாவட்ட மனநலத் திட்டம் பிறந்தது. முதியோர் உடல்நலத்துக்கான தேசியத் திட்டம் 2010-11இல் தொடங்கிற்று. மாவட்ட மருத்துவமனையில் முதியோருக்குப் பத்துப் படுக்கை வார்டு என்பது அதன் விதி. சேலத்தில் 1986ஆம் ஆண்டு முதலும், நாமக்கல்லில் 2022ஆம் ஆண்டு முதலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் இயங்குகின்றன.

எல்லாவற்றிலும் புதுமையானது, 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்". அது தொடங்கிய சாமனப்பள்ளி, பழைய சேலம் மாவட்டத்திலிருந்து பிரிந்த கிருஷ்ணகிரிப் பகுதியைச் சேர்ந்தது. நோயாளி மருத்துவமனையைத் தேடிப் போவதை மாற்றி, மருத்துவமே வீட்டுக்கு வரும் என்ற கருத்து உண்மையில் பெரியது. இரத்த அழுத்தம், சர்க்கரை நோய் ஆகியவற்றுக்கு மருந்து, படுக்கையில் கிடப்போருக்கு நோய்த்தணிப்புச் சிகிச்சை, இயன்முறை மருத்துவம் முதலியவை அத்திட்டம் தொடங்கியபோது அறிவித்த பணிகள். மறதியும் மனச்சோர்வும் அப்பட்டியலில் தனிப்பணியாக இடம்பெறவில்லை.

ஆனாலும் அங்கே கொடுக்கப்படும் இரத்த அழுத்த மாத்திரை மறதி நோய்க்கும் ஒரு தடுப்பே. லான்செட் மருத்துவ இதழ் அமைத்த குழு 2024இல் மறதி நோய்க்கு மாற்றத்தக்க காரணங்கள் 14 என்று பட்டியலிட்டது. உயர் இரத்த அழுத்தம், சர்க்கரை நோய், காது கேளாமை, மனச்சோர்வு, தனிமை ஆகியவை அவற்றில் அடங்கும். அந்தப் பதினான்கையும் நீக்க முடிந்தால் நோயில் ஏறக்குறைய பாதியைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்பது அக்குழுவின் மதிப்பு. பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவே வாழ்நாளைக் கழித்தவர்களின் செவியைச் சோதிப்பதும் மூளையைக் காக்கும் பணியே என்பதை இதிலிருந்து உணரலாம்.

முதற்குறை: வினாவும் அதற்கு விடை சொல்பவரும்

நாடெங்கும் நலவாழ்வு மையங்களுக்காக, 30 வயதைக் கடந்தவர்களிடம் வீடுவீடாகப் போய் நிரப்பும் மத்திய அரசின் படிவம் ஒன்று உண்டு. அதில் மனச்சோர்வு பற்றி இரண்டு வினாக்கள் இருக்கின்றன. முதியோருக்கென்று உள்ள பகுதியில் நினைவைப் பற்றியும் ஒரு வினா உண்டு. நெருங்கியவர்களின் பெயரோ சொந்த வீட்டு முகவரியோ மறந்துபோகிறதா என்பதே அதன் கருத்து. இப்படி ஒரு வினா சேர்ந்ததே முன்னேற்றம் என்று ஒப்புக்கொள்வோம். ஆயினும் அறிவியல் நோக்கில் அதில் இரண்டு பிழைகள் தெரிகின்றன.

முதலாவது, அது காலங்கடந்து கேட்கப்படும் வினா. மறதி நோயில் முதலில் போவது அண்மை நினைவு. காலையில் நடந்தது மறக்கும்; ஐம்பது ஆண்டுக்கு முன் நடந்த திருமணம் வரிசை பிசகாமல் நினைவிருக்கும். பெற்ற மகனின் பெயர் மறப்பது நோய் வெகுவாக முற்றிய பிறகே. அந்த வினாவுக்கு "ஆம்" என்று விடை வரும்வரை காத்திருப்பது, வீடு பாதி எரிந்தபின் புகை வருகிறதா என்று கேட்பதை ஒக்கும்.

இரண்டாவது பிழை இதனினும் பெரிது. மறந்துபோகிறதா என்று மறந்தவரையே கேட்பது எப்படிப் பொருந்தும்? தமக்கு மறதி இருப்பதை உணராமையே இந்நோயின் ஓர் இயல்பு. நம் கதையில் வரும் தாயார் பொய் சொல்லவில்லை. நன்றாகத் தூங்குவதாகவே அவர் நம்புகிறார். உண்மை தெரிந்த ஒரே ஆள் வாசற்படியில் நிற்கும் மருமகள்.

ஆராய்ச்சியாளர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். 1975இல் அமெரிக்காவில் உருவாகி உலகெங்கும் பரவிய 30 மதிப்பெண் சோதனை ஒன்று இருக்கிறது. நூறிலிருந்து ஏழேழாகக் கழிப்பது, ஒரு வாக்கியம் எழுதுவது, படத்தைப் பார்த்து வரைவது என்று அதில் உண்டு. பள்ளிக்கூட வாசலை மிதிக்காத நம் பாட்டிமார் அதில் தோற்பது நோயால் அல்ல, எழுத்தறியாமையால். இதனால்தான் எழுத்தறிவு குறைந்த நாடுகளுக்காக 10/66 என்ற பன்னாட்டு ஆய்வுக்குழு வேறு முறையை வகுத்தது. முதியவரைச் சோதிப்பதோடு, அவரை நன்கறிந்த ஒருவரையும் தனியே கேட்பது அம்முறையின் முக்கியப் பகுதி. சென்னையும் வேலூரும் அந்த ஆய்வு நடந்த இடங்கள். நம் மாநிலத்திலேயே சோதித்துப் பார்த்த உண்மை, வீடுவீடாக எடுத்துச் செல்லும் படிவத்தில் ஏறாமல் இருப்பது விந்தையே.

இரண்டாவது குறை: "அழைத்து வாருங்கள்"

படிவத்தில் "ஆம்" என்று விழுந்தால் அடுத்த படி, நோயாளரை மருத்துவ நிலையத்துக்கு அனுப்புவது. ஒரு சிறு கணக்குப் போடுவோம். மாவட்ட மனநலத் திட்டத்தின் அமைப்பு, மாவட்டத்துக்கு ஓர் உளநோய் மருத்துவரைத் தலைமையாகக் கொண்ட குழு. நம் இரு மாவட்டங்களிலும் சேர்த்து 38 ஆயிரம் மறதி நோயாளரை இரு குழுக்களும் சமமாகப் பிரித்துக்கொள்வதாக வைத்துக்கொள்வோம். ஒரு குழுவுக்கு 19 ஆயிரம் பேர். ஒருவருக்கு 20 நிமிடம், நாளுக்கு 6 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் என்று பார்த்தால், ஒவ்வொருவரையும் ஒரேயொரு முறை பார்த்து முடிக்கவே மூன்றரை ஆண்டுகள் ஆகும். அதுவும் வேறு எந்த மனநோயாளரையும் அக்காலத்தில் பார்க்காமல்!

போகும் வழியையும் எண்ணிப் பாருங்கள். இடம் தெரியாமல் மிரளும் முதியவரைப் பேருந்தில் ஏற்றி, வரிசையில் நிறுத்தி, மாலைக்குள் குழந்தைகள் வருமுன் வீடு திரும்ப வேண்டும். உதவிக்கு ஆண் துணை இல்லை. ஒருமுறை போனவள் மறுமுறை போகத் தயங்கினால் அது அவளுடைய அசட்டை அன்று.

மருத்துவமனை வேண்டாம் என்று சொல்லவில்லை. நோய் எது என்று அறியவும், பி12, தைராய்டு முதலியவற்றைச் சோதிக்கவும் ஒரிரு முறை அங்கே போகத்தான் வேண்டும். அதற்குப் பின் வரும் எட்டு, பத்து ஆண்டுகள் வீட்டில் கழிகின்றன. சேவையின் பெரும்பகுதியும் அங்கேதான் இருக்க வேண்டும்.

மூன்றாவது குறை: பெயரில்லாத நோயாளி

இடைவிடாமல் பராமரிப்பவருக்கு உறக்கக் குறைவு, மனச்சோர்வு, உடல்நலக் கேடு ஆகியவை வருவது உலகெங்கும் கண்ட உண்மை. அவர்களுடைய சுமையை அளக்க ஸாரிட் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 1980இலேயே ஒரு வினாப்பட்டியல் தந்தனர். ஆனால் மருத்துவமனைச் சீட்டில் எழுதப்படுவது முதியவரின் பெயர் மட்டுமே. அழைத்து வந்தவருக்குச் சீட்டு இல்லை, அவரிடம் கேட்பதற்கு வினாவும் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோய்க்குக் கூறும் இலக்கணத்தில் நினைவும், இடம் காலம் அறியும் உணர்வும் கெடுவது சேர்ந்துள்ளது. அரசு அளிக்க வேண்டிய சேவைகளில் முதியோர் மனநலச் சேவையையும், நோயாளரின் குடும்பத்துக்குத் துணை நிற்கும் சேவையையும் 18ஆம் பிரிவு வெளிப்படையாகக் குறிக்கிறது. ஆகவே மருமகள் கேட்பது சலுகை அன்று, சட்டம் கண்ட உரிமை.

இன்னொரு சட்டத்தையும் பாருங்கள். பெற்றோர், முதியோர் பராமரிப்புக்கான 2007ஆம் ஆண்டுச் சட்டம், முதியவரைக் கைவிடுவோருக்கு மூன்று மாதம் வரை சிறை என்கிறது. கைவிடுவது குற்றந்தான். ஆனால் கைவிடாமல் பல ஆண்டுகள் தாங்குபவருக்கு ஒரு நாள் ஓய்வேனும் தர அச்சட்டத்தில் வழி இல்லை. கண்டிக்கும் கை நீளமாகவும், தாங்கும் கை குட்டையாகவும் இருக்கிறது.

செய்து காட்டியிருக்கிறார்கள்

"ஏழை நாட்டில் இதெல்லாம் நடக்குமா?" என்று நீங்கள் கேட்கலாம். கோவாவில் நடந்திருக்கிறது. மறதி நோயாளர் உள்ள 81 குடும்பங்களைக் கொண்டு நடத்திய ஓர் ஆய்வு 2008இல் வெளியாயிற்று. குறுகிய காலப் பயிற்சி பெற்ற இல்ல ஆலோசகர்கள், ஆறு மாதங்களுக்குப் பாதிக் குடும்பங்களின் வீடுகளுக்குத் தவறாமல் போனார்கள். அவர்கள் மருத்துவர்கள் அல்லர். உளநோய் மருத்துவர் பின்னணியில் வழிகாட்டினார். நோய் என்னவென்று விளக்குவது, பிதற்றலுக்கு எதிர்வாதம் செய்யாமல் இருக்கக் கற்பிப்பது, குளிப்பாட்டல் போன்ற வேலைகளுக்கு வழி சொல்வது, பிற உறவினரைப் பொறுப்பில் பங்கெடுக்கச் செய்வது ஆகியவை அவர்கள் பணி. முடிவில், அக்குடும்பங்களில் பராமரிப்பவரின் மனநலம் மற்றக் குடும்பங்களைவிடத் தெளிவாக மேம்பட்டிருந்தது. நோயாளரின் நடத்தையில் அவ்வளவு உறுதியான மாறுதல் காணப்படவில்லை. நோய் அப்படியே இருந்தாலும் சுமை குறையும் என்பதே இதன் பாடம்.

அதே கோவாவில், மனச்சோர்வின் விளிம்பில் இருந்த 181 முதியோரிடம் பின்னர் இன்னோர் ஆய்வு நடந்தது. பயிற்சி பெற்ற சாதாரண ஆலோசகர்களே இதையும் செய்தனர். ஓராண்டுக்குப் பின், உதவி பெற்றவர்களில் நூற்றுக்கு 4.4 பேரும், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 14.4 பேரும் கடுமையான மனச்சோர்வுக்கு உள்ளாகியிருந்தனர். பிரச்சினைகளைத் தீர்க்கும் முறை, உறக்கத்துக்கான பழக்கங்கள், சர்க்கரை நோய் போன்றவற்றில் தற்கவனிப்பு, அரசு உதவிகளைப் பெற வழிகாட்டல் ஆகிய எளியவற்றையே அங்கே கற்பித்தனர்.

என்ன செய்யலாம்?

வீட்டுக்கு வரும் கால்கள் நம்மிடம் ஏற்கெனவே உண்டு. அவற்றோடு மூன்று செயல்களைச் சேர்த்தால் போதும். முதியவரைப் பற்றி வீட்டாரைத் தனியே கேட்பது முதலாவது: அண்மையில் நடந்தது மறக்கிறதா, காசுக் கணக்குத் தவறுகிறதா, வழி தவறுகிறதா, குணம் மாறியிருக்கிறதா? பராமரிப்பவரையே அவரைப் பற்றிக் கேட்பது இரண்டாவது: தூங்குகிறீர்களா, மாற்று ஆள் உண்டா, தாங்க முடியவில்லை என்று தோன்றுகிறதா? விடை "ஆம்" எனில் மாதமிருமுறை ஒருவர் வந்து துணை நிற்பது மூன்றாவது. வாரத்தில் ஓரிரு நாள் முதியோரைப் பகலில் விட்டுவைக்க ஒன்றியத்துக்கு ஓர் இடம் இருந்தால் இன்னும் நல்லது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அது நியாயமானதும்கூட. வீடுவீடாகப் போகும் அப்பெண்களின் தலையில் ஏற்கெனவே பல வேலைகள். ஊதியத்தைக் கூட்டாமல் இதையும் ஏற்றினால், ஒரு பராமரிப்பவரின் சுமையை இன்னொரு பெண்ணுக்கு மாற்றியதாகவே முடியும். ஆகவே பயிற்சியும் நேரமும் ஊதியமும் சேர்த்தே இதைக் கேட்க வேண்டும்.

அரசு செய்யும்வரை நாம் கைகட்டி இருக்க வேண்டியதில்லை. வீட்டிலுள்ள முதியவரின் மறதி ஆறு மாதத்தில் கூடியிருந்தால் வயதின்மேல் பழி போடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். மனநல ஆலோசனைக்கு 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். முதியோருக்கான உதவி எண் 14567. பக்கத்து வீட்டுப் பாட்டி "சோறு போடலை" என்று திண்ணைக்கு வந்தால், மருமகளைத் தூற்றுமுன் சற்று யோசியுங்கள். அது நோயின் குரலாக இருக்கலாம்.

மாணவ நண்பர்களே, இன்று மாலை உங்கள் தெருவில் ஒரு கணக்கெடுங்கள். எத்தனை வீடுகளில் நினைவு தவறிய முதியவர் இருக்கிறார்? அவரை யார் பார்த்துக்கொள்கிறார்கள்? முதல் வினாவுக்கு விடை சொல்ல அக்கம்பக்கத்தில் பலர் இருப்பார்கள். இரண்டாவது வினாவுக்கு உரியவரைக் கண்டுபிடித்து, "நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். அவரிடம் அப்படிக் கேட்கும் முதல் ஆள் நீங்களாகவே இருக்கக்கூடும்.